ஸ்டூலில் உட்கார்ந்தவன் புத்திமதி

தம்பி, உக்காரு. அம்மாடி, நீயும் உக்காரும்மா. அந்தப் பளபளா புஸ்தகத்தை இப்பிடிக் குடு, பாப்போம். உலக உருண்டை ஒண்ணு, குதிரை ஒண்ணு, நீச்சல் குளம் ஒண்ணு, குளத்தாண்ட பல்லைக் காட்டிக்கினு நாலு புள்ளைங்க. அந்த நாலுல ஒண்ணுகூட நம்ம தேங்காய்த்திட்டுப் புள்ள மாதிரி தெரியலையே! சரி, போவட்டும். உன் புள்ளைக்கு இன்னும் மூக்கு சிந்தத் தெரியல. அதுக்குள்ள நீ "இன்டர்நேஷனல்"னு சொன்னது மரப்பாலம் சிக்னல் வரைக்கும் கேட்டிருக்குது.

இந்தக் கெழவனுக்கு இன்னா தெரியும்னு பாக்கற, இல்ல? நான் படிச்சது அஞ்சாவது. ஆனா ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல பியூனா இருந்து, அட்மிஷன் ரூமு வாசல்லயே ஸ்டூலைப் போட்டு உக்காந்து ரிட்டையர் ஆனவன். உள்ள போற அப்பன் ஆத்தா மூஞ்சி எல்லாம் எனக்கு மனப்பாடம். வெளிய வர்ற மூஞ்சியும் மனப்பாடம். கதவு சரியா மூடாது, அதனால உள்ள பேசுறதும் கேக்கும். அவங்க கேக்கறதெல்லாம் இன்னான்னு நினைக்கிற? பஸ்சு ஏசியா? சாப்பாட்டுக்கு ஸ்பூனா, கையா? ஸ்கேட்டிங் எந்த கிளாஸ்லேர்ந்து? ஒருத்தனாவது, "சார், பன்னெண்டாவது முடிச்சா என் புள்ள கையில இன்னா காகிதம் குடுப்பீங்க, அதை எடுத்துக்கினு அவன் எங்க எங்க போவலாம்?"னு கேட்டிருக்கணுமே. ஊகூம்.

நம்ம மீன்பிடித் துறைமுகத்தையே எடுத்துக்க. உள்ள இன்னா இல்ல? படகு கட்ட எடம், ஏலம் போட எடம், ஐஸு, டீசலு, எல்லாம் இருக்குது. ஆனா முகத்துவாரத்துல மணல் தூந்து போச்சுன்னா? இன்னிக்கும் வருசா வருசம் நடக்கிற கதைதான். லட்ச லட்சமாப் போட்டு வாங்கின விசைப்படகு உள்ளயே ஆடிக்கினு நிக்கும். கடலுக்குப் போவ முடியாது. பள்ளிக்கூடமும் அப்பிடித்தான் தம்பி. உள்ள போற வாசலுக்கு வளைவு, செக்யூரிட்டி, பூச்செடி எல்லாம் வெப்பான். நீ பாக்க வேண்டியது வெளிய வர்ற வாசலை.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்க. பள்ளிக்கூடத்துப் பேருல "இன்டர்நேஷனல்" இருந்தா, உள்ள வெளிநாட்டுப் பாடம் இருக்குதுன்னு அர்த்தமில்ல. எத்தனையோ இன்டர்நேஷனல் பள்ளிக்கூடத்துல நடக்கிறது சாதா சிபிஎஸ்இ. அது ஒண்ணும் மட்டமில்ல. ஆனா நம்ம புதுச்சேரி கவர்மெண்டு பள்ளிக்கூடமும் இப்போ சிபிஎஸ்இதான், தெரியுமா? முந்தி புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடம், மாஹே கேரளாப் பாடம், ஏனாம் ஆந்திராப் பாடம். நமக்குன்னு தனி போர்டு கிடையாது. இப்போ மாத்தி, 2024-25-ல பத்தாவது, பன்னெண்டாவது வரைக்கும் சிபிஎஸ்இ ஆயிடிச்சு. ஆக, அதே என்சிஇஆர்டி புஸ்தகம் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல சும்மா கெடைக்குது. இன்டர்நேஷனல்ல லட்ச ரூபா பீசோட கெடைக்குது. அட்டைகூட ஒரே கலரு. இன்னொண்ணும் சொல்றேன், கோவப்படாதே. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலயே படிச்ச புள்ளைங்களுக்கு இங்க அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். சீட்டுல 10 சதம் உள் ஒதுக்கீடு 2023-லேர்ந்து இருக்குது. உன் புள்ளையை டாக்டராக்கணும்னு அம்மாடிக்கு ஆசை. அந்த 10 சதத்து வாசலை லட்ச ரூபா கட்டி மூடிட்டு வரப் போறீங்க. கட்டுங்க, நான் தடுக்கல.

நெசமாவே வெளிநாட்டுப் பாடம் வேணும்னா, முக்கியமா ரெண்டு பேரு நம்ம நாட்டுல கடை விரிச்சிருக்கான். ஒருத்தன் இங்கிலாந்து கேம்பிரிட்ஜ். பத்தாவது வகுப்புக்கு ஐஜிசிஎஸ்இ, பன்னெண்டாவது வகுப்புக்கு ஏ லெவல். இன்னொருத்தன் ஐபி. ஜெனீவாவுல 1968-ல ஆரம்பிச்சது. சின்னதுங்களுக்கு பி.ஒய்.பி., நடுப்பட்டதுங்களுக்கு எம்.ஒய்.பி., கடைசி ரெண்டு வருசத்துக்கு டிப்ளமோ. இந்தப் புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்தைக் காட்டு. எறும்பு எழுத்துல இன்னா போட்டிருக்கான்? எனக்குக் கண்ணு தெரியல, நீயே படி. "கேண்டிடேட் ஸ்கூல்." ஆங்! அப்பிடின்னா இன்னும் அனுமதி வரல, விண்ணப்பம் போட்டுட்டு வரிசையில நிக்கறான். வந்தாலும் வரும், வராமலும் போவும். வந்ததுன்னே வெச்சிக்க, பி.ஒய்.பி.க்கு வந்த அனுமதி டிப்ளமோவுக்குச் செல்லாது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வாங்கணும். ஐபியும் கேம்பிரிட்ஜும் யாருக்கெல்லாம் அனுமதி குடுத்திருக்கோம்னு அவங்கவங்க வலைத்தளத்துல பேரு போட்டு வெச்சிருக்கான். சிபிஎஸ்இயும் அப்பிடித்தான், இணைப்பு நம்பரோட. போன்ல ரீல்ஸ் பாக்கற நேரத்துல அதையும் ஒரு தட்டு தட்டிப் பாரு.

இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் யாருக்காக வந்துச்சுன்னு நினைக்கிற? ஜெனீவாவுல 1924-ல முதல்ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உலக நாடுகள் சங்கத்துல வேலை பாக்க நாடு நாடா வந்தவங்க புள்ளைங்களுக்கு. நம்ம கொடைக்கானல்ல 1901-ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அமெரிக்கப் பாதிரிமாருங்க புள்ளைங்களுக்கு. அதுதான் இன்னிக்குக் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். இந்தியாவுலயே முதல்முதலா ஐபி கொண்டாந்தது அவங்கதான், 1976-ல. ரெண்டு எடத்துலயும் சங்கதி ஒண்ணுதான்: இன்னிக்கு இந்த நாடு, ரெண்டு வருசம் கழிச்சு வேற நாடுன்னு மாத்தல் ஆகிற அப்பன் ஆத்தா. எங்க போனாலும் புள்ள விட்ட எடத்துலேர்ந்து படிக்கணும். அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. உனக்கு மாத்தல் வந்தா எங்க போவ? முருங்கப்பாக்கத்துலேர்ந்து முதலியார்பேட்டைக்கு. அதுக்கு டவுன் பஸ்சு போதும்.

சிரிக்கிற. சிரி. இப்போ நம்ம ஊரு சமாச்சாரம் ரெண்டைச் சொல்றேன். மத்த ஊருக்காரனுக்கு இது கிடையாது.

ஒண்ணு, விக்தோர் சிமோனேல் வீதியில இருக்கிற பிரெஞ்சு லிசே. 1826-லேர்ந்து இருக்குது. உன் புஸ்தகத்துல குதிரை ஓட்டுற பள்ளிக்கூடம் பொறக்கறதுக்கு எத்தனையோ தலைமுறை முந்தியே இங்க வெளிநாட்டுப் பாடம் நடந்திருக்குது. பிரான்ஸ் அரசாங்கத்தோட ஏஜென்சி வலையில இருக்கிற பள்ளிக்கூடம், பாடம் பிரெஞ்சுல, கடைசிப் பரீட்சை பக்கலோரேயா. அது பிரான்ஸ் காலேஜ் கதவைத் தொறக்கும், சந்தேகமே வேணாம். பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற வூட்டுப் புள்ளைங்களுக்கு, வருமானத்தைப் பாத்து, அந்த நாட்டு அரசாங்கமே படிப்பு உதவித்தொகை குடுக்குது. அந்தக் குடியுரிமை எப்பிடி வந்துச்சு? 1962 ஆகஸ்டு 16-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, பிரெஞ்சுக்காரனாவே இருக்கேன்னு ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவங்க இருந்தாங்க. அவங்க பேரப்புள்ளைங்கதான் இன்னிக்குக் கல்யாணச் சந்தையில காலு மேல காலு போட்டுக்கினு உக்காந்திருக்குதுங்க. எங்கப்பாரும் எழுதிக் குடுக்கத்தான் கெளம்பினாரு. ஆறு மாசமும் "நாளைக்குப் போறேன்"னு சொல்லிக்கினே கள்ளுக்கடையில உக்காந்துட்டாரு. அதான் நான் ஸ்டூல்ல உக்காந்தேன்.

நம்மள மாதிரி பாஸ்போர்ட்டு இல்லாதவனும் சேக்கலாம், காசு கட்டணும். சின்னதுலயே சேத்தாத்தான் புள்ள பிரெஞ்சைப் புடிச்சிக்கும். நடுவுல கொண்டுபோய்ச் சேத்தா, கணக்கு வாத்தியாரு இன்னா சொல்றாருன்னே புரியாம உக்காந்திருக்கும். அப்புறம் மார்க்கு சமாச்சாரம். அங்க மார்க்கு 20-க்கு. பத்து எடுத்தா பாஸு. 12 எடுத்தா பரவால்ல, 14 எடுத்தா நல்லது, 16 எடுத்தா ரொம்ப நல்லதுன்னு சர்ட்டிபிகேட்டுலயே போட்டுக் குடுப்பான். 16 எடுத்த புள்ளையைப் பிரான்ஸ்ல தூக்கி வெச்சிக் கொண்டாடுவாங்க. அதையே இங்க சதவீதமாக்கினா எம்பது. எம்பது எடுத்தவனை நம்ம ஊருல சொந்த அத்தையே "இன்னாப்பா ஒடம்பு சரியில்லையா?"ன்னு கேப்பா. ஆக, உன் புள்ள பிரான்சுக்குப் போவுதா, இல்ல காலாப்பட்டு யுனிவர்சிட்டிக்குப் போவுதான்னு முதல்லயே யோசிச்சிக்க.

ரெண்டாவது, ஆசிரமத்துப் பள்ளிக்கூடம். ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம். 1943-ல கொஞ்சம் புள்ளைங்களோட ஆரம்பிச்சு, 1952-ல மையமாச்சு. பேருலயே சர்வதேசம் இருக்குது. கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சுல. ஆனா அங்க பட்டமும் கிடையாது, டிப்ளமோவும் கிடையாது. சர்ட்டிபிகேட்டுக்காகப் படிக்கறது படிப்பில்லைங்கறது அவங்க கொள்கை. அதை முன்னாடியே சொல்லிடறாங்க, மறைக்கறதில்ல. அதுதான் யோக்கியம். தெரிஞ்சே சேக்கறவன் சேக்கறான். எனக்கு பயம் இன்னான்னா, எல்லாத்தையும் தருவோம்னு சொல்லிட்டு, கடைசியில எந்த வாசலுக்கும் பொருந்தாத சாவியைக் கையில குடுக்கறானே, அவன்கிட்டத்தான்.

இப்போ வாசல் வாசலா வருவோம்.

டாக்டரு வாசல். அம்மாடி, நீ கோரிமேட்டு ஜிப்மரைத்தானே மனசுல வெச்சிருக்க? அங்க போவ நீட்டு எழுதணும். 180 கேள்வி, 720 மார்க்கு, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க்கு போயிடும். கேள்வி வர்றது என்சிஇஆர்டி வாடையில. ஐபியில புள்ளையை நீயே ஒரு தலைப்பு எடு, நீயே ஆராய்ச்சி பண்ணு, 4,000 வார்த்தையில கட்டுரை எழுதுன்னு வெச்சிருக்கான். அருமையான பழக்கம், நான் குத்தம் சொல்லல. ஆனா நீட்டுல யாரும் கட்டுரை கேக்க மாட்டான். நாலுல ஒண்ணைத் தொடுன்னுதான் கேப்பான். அப்புறம் நீ இன்னா பண்ணுவ? பகல்ல கேம்பிரிட்ஜுக்குக் கட்டுவ, சாயங்காலம் கோச்சிங்குக்குக் கட்டுவ. அதுமட்டுமில்ல, பன்னெண்டாவது அளவுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் பாஸ் பண்ணியிருக்கணும். வெளிநாட்டுப் பாடத்துல எதை வேணா சேத்து எடுக்கலாம்னு சுதந்தரம் குடுப்பான். புள்ள பயாலஜிக்குப் பதிலா நாடகம் எடுத்துட்டு வந்து நின்னா, பயாலஜியைத் தனியா எழுதி பாஸ் பண்ற வரைக்கும் அந்த வாசல் மூடித்தான் இருக்கும்.

எஞ்சினீரு வாசல். ஐபியில கணக்குலயே ரெண்டு தினுசு. ஒண்ணு கெட்டிக் கணக்கு, ஒண்ணு பொழப்புக்குப் பயன்படற கணக்கு. ரெண்டாவதை எடுத்தவனை எஞ்சினீரிங்ல பல யுனிவர்சிட்டி வாசல்லயே நிறுத்திடுவான். பதினோராவது சேரும்போது, எந்தக் கணக்குன்னு கேட்டு எழுதி வாங்கிக்க.

சரிசமம் வாசல். இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம்னு டெல்லியில ஒண்ணு இருக்குது. ஐபி டிப்ளமோவை 1983-லேர்ந்து பிளஸ் டூவுக்குச் சமம்னு ஏத்துக்கிச்சு. கேம்பிரிட்ஜுக்கும் வழி இருக்குது. ஆனா எத்தனை பாடம், எந்த கிரேடுன்னு கணக்கு வெச்சிருக்காங்க. ஐபியில மொத்தம் 45-க்கு 24 வந்தாத்தான் டிப்ளமோ. முழு டிப்ளமோவா, இல்ல பாடம் பாடமா சர்ட்டிபிகேட்டான்னு கேளு. இதுல ஏமாந்து அழுத ஆத்தாளுங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தவன் நான்.

தேதி வாசல். இதைத்தான் எவனும் சொல்ல மாட்டான். நம்ம புள்ளைங்களுக்கு மே மாசமே ரிசல்ட்டு வந்துடும். விண்ணப்பம், கவுன்சலிங்னு சூடு புடிச்சிடும். ஐபியில மே மாசம் எழுதினவனுக்கு ஜூலை முதல் வாரத்துல மார்க்கு வரும். கேம்பிரிட்ஜுல மே, ஜூன்ல எழுதினா ஆகஸ்டு. அதுக்குள்ள நம்ம ஊரு காலேஜ்ல பெஞ்சு நெறைஞ்சு பிரெஷர்ஸ் டே கொண்டாடியிருப்பான். கேம்பிரிட்ஜ்காரன் நம்ம நாட்டுக்குன்னு மார்ச்சு பரீட்சையும் வெச்சிருக்கான்; ரிசல்ட்டு மே மாசம். உன் பள்ளிக்கூடத்துல மார்ச்சா, ஜூனான்னு ஒரே ஒரு வார்த்தை கேளு. உள்ள இருக்கிற அம்மா பேனாவைக் கீழ வெச்சிட்டு உன்னை நிமிந்து பாப்பாங்க.

மாறுற வாசல். நடுவுல காசு முட்டுச்சுன்னா, இல்ல புள்ளைக்கு ஒத்துக்கலைன்னா, சிபிஎஸ்இக்கு மாத்தணும்னு வெச்சிக்க. ஒம்பதாவதுலயோ பதினோராவதுலயோ மாத்திடு. பத்தாவதுலயும் பன்னெண்டாவதுலயும் நேரா நொழையறது லேசுல நடக்காது. எட்டாவதுக்குள்ள மாத்தறப்போ டி.சி. தர மாட்டேன்னு எவனாவது மெரட்டினா பயப்படாதே. டி.சி. வர லேட்டாகுதுங்கற காரணத்துக்காக கவர்மெண்டு பள்ளிக்கூடம் சேத்துக்காம இருக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கான்.

வெளிநாட்டுக்கே அனுப்பப் போறேன்றியா? அப்போ பேச்சே வேற. கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ்னு நெசமாவே முடிவு பண்ணி, அங்க காலேஜ் பீசு கட்டவும் தெம்பு இருந்தா, இந்தப் பாடமெல்லாம் பொன்னு. புள்ள தானா யோசிக்கும், கூச்சமில்லாம பேசும், தப்பு சொன்னா வாத்தியாரையே கேள்வி கேக்கும். வூட்டுல உன்னையும் கேக்கும், அதுக்கு ரெடியா இரு. ஆனா ஜெனீவாப் பாடம் படிக்க வெச்சிட்டு, கடைசியில இங்கயே ஒரு காலேஜ்ல சேத்து, "உங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்க இந்த ஊரை விட்டுப் போனதில்ல"ன்னு பெருமை பேசுவ பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பு.

இப்போ காசு. பதில் சொல்லு: முதல் வருசம் எவ்வளவு? ஒரு லட்சம். ரொம்பக் கம்மியா தெரியுது, இல்ல? இந்தச் செவுத்துல கரித்துண்டால கணக்குப் போடறேன் பாரு. எல்கேஜி, யூகேஜி, அப்புறம் பன்னெண்டு வகுப்பு, ஆக 14 வருசம். வருசத்துக்குப் பத்து சதம் ஏத்தினான்னு வெச்சிக்க. பன்னெண்டாவதுல நீ கட்டப் போறது 3 லட்சத்து 45 ஆயிரம். பதினாலு வருசத்தையும் கூட்டினா கிட்டத்தட்ட 28 லட்சம். இது வெறும் பீசு. பஸ்சு, யூனிபாரம், லேப்டாப்பு, "கல்விச் சுற்றுலா சிங்கப்பூரு" எல்லாம் தனி. கேம்பிரிட்ஜ், ஐபி பரீட்சைக் கட்டணம் அதுக்கும் தனி; வெளிநாட்டுக் காசுக்கு நம்ம ரூபா எறங்க எறங்க அது ஏறும். கட்டறதுக்கு முன்னாடி மூணு சங்கதி எழுத்துல வாங்கு: வருசா வருசம் எவ்வளவு ஏத்துவீங்க, புள்ளையை நிறுத்தினா டெபாசிட்டு எப்போ திரும்பி வரும், பீசுல சேராதது இன்னா இன்னா. வாய்ல சொன்னது வாசல் தாண்டினதும் மறந்து பூடும். எனக்குத் தெரியும், அந்த வாசல்லதான் நான் இருந்தேன்.

டொனேஷன் கேட்டா? அதே கல்வி உரிமைச் சட்டத்துல 13-வது பிரிவு. நன்கொடைன்னு கறந்தா, வாங்கினதைப்போல பத்து மடங்கு வரைக்கும் அபராதம். பள்ளிக்கூட நிதி, கட்டட நிதின்னு வேற பேரு வெச்சாலும், பீசு பட்டியல்ல அறிவிக்காத காசுன்னா அதுவும் நன்கொடைதான். ரசீது இல்லாம ஒத்த ரூபா குடுக்காதே. சிறுபான்மையினர் நடத்துற பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2014-ல சொல்லியிருக்குது, அதையும் கேட்டுக்க. அரைகுறையாத் தெரிஞ்சிக்கினு போய்ச் சண்டை போடாதே.

இன்னொரு சங்கதி, இது பீசு பட்டியல்ல வராது. உள்ள தமிழ் எத்தனை பீரியடு, எந்த வகுப்பு வரைக்கும்? உன் ஆத்தா, அதான் புள்ளையோட ஆயா, இங்கிலீசுல "எஸ்"சும் "நோ"வும் மட்டுந்தான் தெரிஞ்சவ. அதையும் மாத்திச் சொல்லுவா. நாளைக்குப் பேரன் பள்ளிக்கூடத்துல நடந்ததைச் சொல்ல வந்தா நடுவுல நீ உக்காந்து மொழிபெயர்க்கணும். அந்த வேலைக்கு உனக்குச் சம்பளம் கிடையாது.

கடைசியா நாளைக்கு நடக்கப் போற கூத்து. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கான், இல்ல? புள்ளைக்குத் தனியா, உங்க ரெண்டு பேருக்கும் தனியா. அதே 13-வது பிரிவுல, புள்ளையையோ அப்பன் ஆத்தாளையோ இப்பிடிச் சலிச்சு எடுக்கவே கூடாதுன்னு இருக்குது. முதல் தடவை 25,000 ரூபா வரைக்கும், அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபா வரைக்கும் அபராதம். அதனால அதுக்கு அவங்க இப்போ "இன்டர்வியூ"ன்னு பேரு வெக்கறதில்ல, "இன்டராக்ஷன்"னு வெக்கறாங்க. பேரு மாறினா சட்டம் மாறாது. ஆனா நீ சட்டம் பேசப் போறியா? மாட்ட. நாலு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு "அவர் சன் ஈஸ் வெரி கிரியேட்டிவ்"னு சொல்லிப் பாக்கற சத்தம் எங்க வூட்டுக் கொல்லை வரைக்கும் கேக்குது. எங்க வூட்டுக் கெழவிக்கே மனப்பாடம் ஆயிடிச்சு. ரேஷன் கடையில சொல்லிக்கினு திரியறா.

போ, நல்லாப் போயிட்டு வா. வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அவங்க உன்னைக் கேள்வி கேட்டு முடிச்சதும், "ஏதாவது கேக்கணுமா?"ன்னு ஒரு மரியாதைக்குக் கேப்பாங்க. அப்போ ஏசி பஸ்சைப் பத்திக் கேக்காதே. கடைசிப் பரீட்சை யாருது, அனுமதிக் காகிதம் எங்க, போன வருசம் பன்னெண்டாவது முடிச்ச புள்ளைங்க எங்க எங்க சேந்தாங்க, அவங்க அப்பன் ஆத்தா ரெண்டு பேருகிட்ட நான் பேசலாமா, இந்த நாலைக் கேளு. நல்ல பள்ளிக்கூடம்னா சந்தோசமா பதில் சொல்லும். மழுப்பினா, பையை எடுத்துக்கினு எழுந்து வந்துடு. வெளிய ஸ்டூல்ல எவனாவது ஒரு கெழவன் இருப்பான், அவன்கிட்ட அஞ்சு நிமிசம் பேசிட்டு வா, உள்ள சொல்லாத மிச்சத்தை அவன் சொல்லுவான். டீக்கு மட்டும் காசு குடுத்துடு.

நாளைக்குப் போட எடுத்து வெச்சிருக்கிற கோட்டு சூட்டை வூட்டுலயே வெச்சிட்டுப் போ தம்பி. ஏப்ரல் மாசத்துப் பாண்டிச்சேரி வெயில்ல கோட்டு போட்டவனைப் பாத்தா அங்க இருக்கறவனுங்களுக்கு "இவன் எவ்வளவு கேட்டாலும் கட்டுவான்"னு தோணும்.